திரும்பி வந்த பூஸ்டருக்கு அப்புறம் என்ன ஆயிற்று?

தண்டையார்பேட்டை
டிசம்பர் 2025

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலை என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்து, தெருவில் மறுபடியும் கணுக்கால் தண்ணீர். பெரியவன் மணலி வேலையை விட்டு ஒரகடம் போகிறான். மற்றபடி எல்லோரும் சுகம்.

ராத்திரி முழுக்க அமெரிக்காக்காரன் ராக்கெட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயாமே என்று கேட்டிருந்தாய். யார் போட்டுக்கொடுத்தது என்று தெரியும். உண்மைதான். திருச்சியில் காலமெல்லாம் பாய்லர் வெல்டிங் பார்த்தவன் நீ, அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

டெக்சாஸின் தென்கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டி போகா சிக்கா என்று ஒரு கடற்கரை. எலான் மஸ்க்கின் ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனி அங்கேதான் ஸ்டார்ஷிப் என்ற ராக்கெட்டைக் கட்டி, சோதித்து, ஏவுகிறது. 9 மீட்டர் விட்டத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வளையங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வெல்ட் அடிக்கிறார்கள். கீழ்ப்பாகம் பூஸ்டர், அதில் 33 என்ஜின். மேல்பாகம் ஷிப். இந்தத் தொழிற்சாலையையும் ஏவுதளத்தையும் ஒட்டி நெடுஞ்சாலை 4 என்ற பொதுச் சாலை கடற்கரைவரை போகிறது. விஷயமே அந்தச் சாலைதான். சோதனை நேரம் தவிர யார் வேண்டுமானாலும் வண்டியை ஓரங்கட்டி எட்டிப் பார்க்கலாம். நாள் முழுக்கக் கேமராவை ஓடவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், சின்ன விமானத்தில் பறந்து மேலிருந்து படமெடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். எந்த வளையம் எந்த பூஸ்டருக்குப் போனது, எது கொட்டகையை விட்டு வெளியே வந்தது என்று நம்பர் நம்பராகக் குறித்து வைக்கிறார்கள். அரைக்கால் சட்டை வயசில் கொருக்குப்பேட்டை யார்டு சுவரில் உட்கார்ந்து நீயும் நானும் டீசல் என்ஜின் நம்பர் குறித்தோமே, அதே கிறுக்குதான்.

அங்கே காலை எட்டு மணி என்றால் நமக்கு ராத்திரி ஏழரை. சாப்பிட்டுவிட்டு உட்கார வசதி. முதலில் அங்கே உள்ளூர் நிர்வாகம் வெளியிடும் சாலை மூடல் அறிவிப்பைப் பார்ப்போம். சாலையை மூடினால் ஏதோ சோதனை இருக்கிறது. கிரையோ டெஸ்ட் என்றால் தொட்டியில் திரவ நைட்ரஜனை நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்ப்பது. எரியாத சரக்கு, ஆனால் மைனஸ் 196 டிகிரி குளிர். அதுவும் கடலோரம், காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. உள்ளே நிரம்ப நிரம்ப, வெளியே ஸ்டீல் மேல் அந்த ஈரம் உறைந்து வெள்ளை வெளேரென்று படிந்துகொண்டே மேலே ஏறும். பனிக்கோடு எந்த வெல்ட் வரைக்கும் வந்திருக்கிறது என்று பார்த்தால் போதும், தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். கம்பெனிக்காரன் வாயைத் திறக்கவே வேண்டாம். முதல் தடவை இதைப் புரிந்துகொண்டு பார்த்தபோது எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது.

எங்கள் வாட்ஸ்அப் குழு சின்னது. ஒரு பாலிடெக்னிக் பையன், லோகோ ஷெட்டில் ஓய்வு பெற்ற ஒருவர், காசிமேட்டில் படகு என்ஜின் பார்க்கிற மெக்கானிக் ஒருவர், அப்புறம் நான். 2024 அக்டோபர் 13 ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஆறு மணிவாக்கில், பூஸ்டர் 12 மேலே போய்த் திரும்பி வந்து, ஏவுகோபுரத்தின் இரண்டு கைகளுக்கு நடுவில் வந்து நின்றது. கை இரண்டும் அதைப் பிடித்துக்கொண்டன. பையன் குதித்தான். மெக்கானிக் அண்ணன் ஒரே ஒரு வரி போட்டார்: "வந்துடுச்சு சரி, தொறந்து பாத்தாங்களா?"

அந்தக் கேள்விக்குப் பிறகு நான் பார்க்கிற விதமே மாறிப்போயிற்று. பிடித்ததை டிவியில் நூறு தடவை காட்டினார்கள். பிடித்த பூஸ்டரைப் பல சக்கர வண்டியில் ஏற்றிக் கொட்டகைக்குக் கொண்டுபோன பிறகு நடந்ததை யார் காட்டினார்கள்? இந்தச் சாலையோரத்து ஆட்கள்தான். பக்கவாட்டு மூடி ஒன்று பிய்ந்து போயிருந்தது. வெளிவட்டத்து என்ஜின்களின் நாசில்கள், அதாவது நெருப்புக் கக்கும் வாய்கள், சூட்டில் நெளிந்திருந்தன. அந்த பூஸ்டர் மறுபடி பறக்கவில்லை. ஆனால் அதிலிருந்து 314ஆம் நம்பர் என்ஜினைக் கழற்றி பூஸ்டர் 14இல் மாட்டினார்கள். அது 2025 ஜனவரி 16 அன்று பறந்தது. அந்த பூஸ்டரையும் பிடித்தார்கள். ஏப்ரலில் தரையில் கட்டிவைத்து என்ஜின்களை எரித்துப் பார்த்து, மே 27 அன்று அதையே மறுபடி ஏவினார்கள். 33 என்ஜினில் 29 ஏற்கெனவே பறந்தவை. எரிந்து தேயும் வெப்பக் கவசம் போன்ற ஒருமுறைச் சாமான்களை மட்டும் மாற்றினார்களாம். இந்த முறை அதைப் பிடிக்கிற எண்ணமில்லை. வேண்டுமென்றே கடினமான கோணத்தில் இறக்கிப் பார்த்தார்கள். கடலுக்கு மேலே, இறங்க என்ஜினைப் பற்றவைத்த கட்டத்தில் சிதறிவிட்டது. அக்டோபரில் பூஸ்டர் 15இன் இரண்டாவது பயணம், 24 பழைய என்ஜின்களோடு. அது ஒழுங்காக வேலையை முடித்துக் கடலில் இறங்கியது.

எல்லாமே இப்படி நல்லபடியாக முடிவதில்லை. ஜூன் 18 ராத்திரி ஷிப் 36 சோதனை மேடையிலேயே வெடித்தது. முன்பு துப்பாக்கி சுடும் மைதானமாக இருந்த இடம் அது. நவம்பர் 21 அன்று, அங்கே விடியற்காலை, புத்தம் புதிய பூஸ்டர் 18 அழுத்தச் சோதனையில் கீழ்ப்பக்கம் பிளந்துகொண்டது. என்ஜினும் இல்லை, எரிபொருளும் இல்லை, ஆளுக்குச் சேதமில்லை. ஆனால் கேமரா ஓடிக்கொண்டிருந்ததால் உலகமே பார்த்துவிட்டது.

இதில் ஒரு உறுத்தலும் உண்டு. சோதனைக்குச் சோதனை கடற்கரையை மூடுகிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அதில் மனத்தாங்கல். வெடிச் சிதறல் எல்லை தாண்டியதாக மெக்சிகோ அரசும் குரல் கொடுத்தது. 2023 டிசம்பரில் எண்ணூரில் அமோனியா கசிந்து ஜனங்கள் நடுராத்திரியில் தெருவுக்கு ஓடி வந்தார்களே, அதைப் பார்த்த ஊர்க்காரன் நான். தூரத்திலிருந்து கைதட்டுவது சுலபம்.

நம்ம ஸ்ரீஹரிகோட்டா சாலை வழியாகப் போனால்கூட நூறு கிலோமீட்டர்தான். ஏவினால் மொட்டை மாடியிலிருந்து புகைக்கோடு தெரியும், அவ்வளவுதான். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் காவலுக்குள் இருக்கிற தீவு, ஓரங்கட்டி எட்டிப் பார்க்க வழியில்லை. அது நியாயம்தான், ஆனாலும் ஆசை இருக்கத்தான் செய்கிறது. சித்ரதுர்காவில் இஸ்ரோ, திரும்பத் திரும்பப் பறக்கிற விண்கலத்துக்கு மாதிரியான புஷ்பக் என்ற சிறகு வண்டியை ஹெலிகாப்டரிலிருந்து நாலரை கிலோமீட்டர் உயரத்தில் விட்டு ஓடுபாதையில் இறக்கியது தெரியுமா? 2023 ஏப்ரல், 2024 மார்ச், 2024 ஜூன், மூன்று தடவையும் அதே உடல். மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் தரை தொட்டது. ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் எதைக் கழற்றினார்கள், எந்த டயரை மாற்றினார்கள் என்று பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தால் மெக்கானிக் அண்ணன் வேலையை விட்டுவிட்டு அங்கேயே குடித்தனம் போய்விடுவார்.

சரி, உன்னிடம் ஒரு கேள்வி. அந்த வளையங்கள் 304எல் வகை ஸ்டீல் என்கிறார்கள். அவ்வளவு குளிரில் வெல்ட் படாத தாய்த்தகடு இன்னும் உறுதியாகும் என்று பையன் சொல்கிறான். வெல்டுக்கும் அதே கதையா, இல்லை ஓரத்தில் சூடு பட்ட இடம்தான் முதலில் விடுமா? பூஸ்டர் 18 பிளந்த படத்தை உன் பேரனிடம் கேட்டு வாங்கிப் பெரிதாக்கிப் பார். பார்த்துவிட்டு எழுது. இங்கே இரண்டு கட்சியாகச் சண்டை நடக்கிறது.

அன்புடன்,
பாஸ்கர்