வறுமையால் பிறந்த எளிமையன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உலக சினிமா இயக்கங்களைப் பற்றித் தங்கள் இதழில் வரும் தொடரை ஒரு வாரமும் விடாமல் படித்து வருகிறேன். சென்ற இதழில் எளிய மக்களின் வாழ்வை உள்ளபடி காட்ட முனைந்த இத்தாலிய நவ யதார்த்தவாதம் என்ற இயக்கத்தை எடுத்துக்கொண்ட கட்டுரையாளர், இரண்டாம் உலகப் போரில் ஸ்டுடியோக்கள் சேதமடைந்ததாலும் கையில் பணம் இல்லாததாலும்தான் இயக்குநர்கள் கேமராவைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள் என்று சொல்லி முடித்துக்கொண்டது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

ரோம் நகரின் சினெசிட்டா ஸ்டுடியோ குண்டுவீச்சுக்கு ஆளாகி, பிறகு அகதிகள் முகாமாக இருந்தது உண்மைதான். 1945-இல் இயக்குநர் ரொசெல்லினி 'ரோம், ஓபன் சிட்டி' படத்தைப் பெரும் பணமுடைக்கிடையே எடுத்ததும் உண்மை. ஆனால், 1948-இல் வந்த 'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்துக்கு இந்த விளக்கம் பொருந்தாது. ஹாலிவுட் நட்சத்திரம் கேரி கிராண்டை நாயகனாகப் போடுவதானால் பணம் தருகிறேன் என்று ஹாலிவுட் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் முன்வந்தும், படத்தின் இயக்குநர் விட்டோரியோ டி சிகா அதற்கு இசையாமல் இத்தாலியிலேயே பணம் திரட்டி, லம்பெர்த்தோ மஜ்ஜொரானி என்ற ஆலைத் தொழிலாளியை நடிக்க வைத்தார். வந்த பணத்தை வேண்டாமென்றவரின் எளிமையை வறுமையின் விளைவு என்று எப்படிச் சொல்வது? திரையில் நாம் கேட்கும் குரல்கூட அந்தத் தொழிலாளியுடையதன்று. அக்கால இத்தாலிய வழக்கப்படி வேறொருவர் பின்னர் பேசிச் சேர்த்தது. உள்ளதை உள்ளபடி காட்டுவதற்கு அத்தனை உழைப்பு தேவைப்பட்டிருக்கிறது.

1952-இல் வந்த டி சிகாவின் 'உம்பெர்த்தோ டி' படத்தில் ஒரு சமையலறைக் காட்சி உண்டு. வேலைக்காரப் பெண் விடியற்காலையில் எழுந்து வருகிறாள். தீக்குச்சியைச் சுவரில் உரசுகிறாள். சுவரில் ஊரும் எறும்புகளைத் தண்ணீர் விட்டு விரட்டுகிறாள். உட்கார்ந்து காப்பிக்கொட்டை அரைத்துக்கொண்டே, எழுந்திருக்காமல், கால் விரலை நீட்டிக் கதவைத் தள்ளி மூடப் பார்க்கிறாள். மணமாகாத அவள் கருவுற்றிருக்கிறாள் என்பது நமக்கு முன்பே தெரியும். அவள் கண்ணில் நீர் வழிகிறது. ஆனால் கை அரைப்பதை நிறுத்துவதில்லை. கதையை ஓர் அடிகூட நகர்த்தாத இந்த நிமிடங்களை வெட்டாமல் விட்டது இயக்குநரும், திரைக்கதை எழுதிய சேசரே சவாத்தினியும் தெரிந்தே செய்த முடிவு என்பதில் எனக்கு ஐயமில்லை. அன்றாட வாழ்வை விலகாமல் பார்த்துக்கொண்டிருப்பதே சினிமாவின் வேலை என்பதைத் தம் கொள்கையாகவே வைத்திருந்த சவாத்தினியின் பெயர் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை.

அடுத்த வாரம் பிரெஞ்சுப் புதிய அலை என்ற சினிமா இயக்கத்துக்குச் செல்லும் முன், சவாத்தினிக்கென ஒரு கட்டுரை ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இன்னொரு வேண்டுகோளும் உண்டு. 1952-இல் பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்த முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் 'பைசைக்கிள் தீவ்ஸ்' உள்ளிட்ட இத்தாலியப் படங்கள் இடம்பெற்றன. அந்நாளில் சென்னை விழாவுக்குச் சென்ற மூத்த வாசகர் எவரேனும் இன்று நம்மிடையே இருந்தால், அவர் நினைவுகளைக் கேட்டு வாங்கி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.