கல்யாண போட்டோகிராஃபர்களே, சாம்பிள் காட்டினது போதும், ஒரு முழு கல்யாணத்த காட்டுங்க

வணக்கம் அண்ணன்களே, அக்காக்களே,

தங்கச்சி கல்யாணத்துக்கு போட்டோகிராஃபர் பிடிக்கிற வேலை என் தலையில விழுந்திருக்கு, அதனால கொஞ்ச நாளா உங்க இன்ஸ்டா பேஜ் தான் எனக்கு பொழப்பு. கோச்சுக்காதீங்க, எல்லாருடையதும் நல்லா இருக்கு, அதான் தலைவலியே. சாயங்கால வெயில், பின்னாடி மங்கலா மரம், நெத்தியோட நெத்தி வச்சு ரெண்டு பேரு, இத வச்சு யார் நல்லவர்னு நான் எப்படி கண்டுபிடிக்க? ஒவ்வொரு கல்யாணத்துல இருந்தும் உள்ளதுல நல்லத பொறுக்கிப் போட்டா யார் பேஜும் ஜொலிக்கத்தான் செய்யும். போதாததுக்கு சில படம் மாடல வச்சு நிதானமா எடுத்ததாம், அங்க கல்யாணமே நடக்கல.

எனக்கு ஒரே ஒரு கல்யாணம் வேணும், காலையில இருந்து கடைசி ஆள் கிளம்புற வரைக்கும், அந்த கல்யாண வீட்டுக்காரங்களுக்கு குடுத்த அதே ஃபோல்டர், அவங்க சரின்னு சொன்னா மட்டும். ஏன்னா உங்க கை தெரியுறது வெளிச்சம் பத்தாத ஹால்ல தான். மேல மஞ்ச பல்பு 3200 கெல்வின் (வெளிச்சத்தோட கலர சொல்ற அளவு) கிட்ட, ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சம் 5500, நடுவுல டிஜேக்காரரோட ஊதா லைட்டு வேற, ஒரே மூஞ்சில மூணு கலர். அங்க ஃப்ளாஷ சீலிங்ல பட்டு இறங்க விட்டீங்களா இல்ல நேரா மூஞ்சில அடிச்சீங்களான்னு பாக்கணும். ஐஎஸ்ஓ, அதாவது கேமரா வெளிச்சத்த வாங்குற உணர்திறன் அளவு, 6400 போய் படம் புள்ளி புள்ளியா தெரிஞ்சா நான் சண்டைக்கு வர மாட்டேன், ஆனா ஷட்டர் 1/30 செகண்ட் திறந்து இருந்ததுல ஆடுறவங்க கலங்கிப் போனா அத எந்த சாஃப்ட்வேரும் பெருசா காப்பாத்தாது. (கலர் சொதப்பினத பிளாக் அண்ட் ஒயிட்டா மாத்தி ஆர்ட்டுனு குடுக்குறதும் தெரியும், விடுங்க.) குரூப் போட்டோவையும் ஜூம் பண்ணி பாப்பேன், லென்ஸ எஃப் 1.4னு அகலமா திறந்து வச்சு கிட்ட நின்னு எடுத்து பின்வரிசை பெரியப்பா மூஞ்சி கரைஞ்சு போயிருக்கான்னு. அப்புறம் ஒரு விஷயம், மூஞ்சிய வெளுப்பாக்கிட்டு கைய அப்படியே விட்டா கை வேற யாருதோ மாதிரி இருக்கு, எங்க வீட்டு கலர எங்களுக்கே விட்டுடுங்க ப்ளீஸ்.

இன்னொன்னு, பேஜ்ல இருக்குறவர் ஒருத்தர், அன்னிக்கு வர்றவர் ஒருத்தர். டீம்ல வேற ஆள் வர்றது தப்பே இல்ல, ஆனா வர்றவர் எடுத்த கல்யாணத்த காட்டுங்க, ஓனர் எடுத்தத இல்ல. கேமராவுல ரெண்டு கார்டுலயும் ஒரே நேரத்துல ஏறுமா, அன்னிக்கு ராத்திரியே இன்னொரு இடத்துல காப்பி போடுவீங்களான்னு கேட்டா சந்தேகப்படுறேன்னு முறைக்காதீங்க, மெமரி கார்டு யாருக்கும் சொல்லிட்டு சாகாது, கல்யாணத்த திரும்ப நடத்தவும் முடியாது. எத்தன மணி நேரம், படம் எப்ப கைக்கு வரும், உங்களுக்கு காய்ச்சல்னா யாரு வருவா, இதெல்லாம் எழுத்துல இருக்கட்டும். வாட்ஸ்அப்ல கட்டைவிரல் மட்டும் போட்டா எனக்கு பத்தாதுங்க.

முழு ஃபோல்டர் கேட்டா கிளையண்ட் ஒத்துக்க மாட்டாங்கன்னு சிலர் சொல்றீங்க, நியாயம் தான். அதுக்கு தங்கச்சிகிட்டயே பேசிட்டேன், எங்க கல்யாண ஃபோல்டர அடுத்து வர்றவங்களுக்கு தாராளமா காட்டலாம்னுட்டா. அப்பா அழப்போறது உறுதி, அந்த படத்த மட்டும் நீக்கிட்டு காட்டுங்க, அவரு மானஸ்தன்.