பாட்டி கேட்டது நியாயமான கேள்வி

தங்கச்சிமடம்,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது, தைலம் தேய்த்துச் சமாளிக்கிறாள். தடைக்காலம் என்பதால் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கின்றன. ஜூன் 14 வரை ஆம்பிளைகளுக்குக் கையில் வேலை இல்லை, வாயில்தான் வேலை. உன் கேள்வியை நம் தெரு அன்பிய ஜெபக் கூட்டத்தில் எடுத்துப் போட்டேன். ஒன்பது மணிக்கு முடிய வேண்டிய ஜெபம் பதினொன்று ஆகியும் முடியவில்லை.

போனில் நீ சொன்னதை நான் புரிந்துகொண்டது இதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓய்வுநாள் மெழுகுதிரி ஏற்றி முடித்த பிறகு, நீ பார்த்துக்கொள்ளும் யூதப் பாட்டி உன் கழுத்துச் சிலுவையைப் பார்த்து, "நீங்கள் மூன்று கடவுளைக் கும்பிடுகிறவர்கள்தானே?" என்று கேட்டிருக்கிறார். உனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. இஸ்ரேலில், ஹைஃபாவில் உங்கள் தமிழ் ஜெபக்குழுவில் போய்ச் சொன்னால், ஒருவர் "இதுதான் தருணம், வசனத்தை எடுத்துக் காட்டு" என்கிறார். இன்னொருவர் "பிதாவும் இயேசுவும் ஒரே ஆள்தான் என்று சொல்லு, பிரச்சினை தீர்ந்தது" என்கிறார். மூன்றாவது தம்பி "இயேசு முதலில் படைக்கப்பட்டவர், கடவுள் அல்ல, ஒப்புக்கொண்டுவிடு" என்கிறார். கடைசியில் விசுவாசிகளுக்குள் சண்டை, பாட்டிக்குப் பதில் இல்லை.

இந்தக் கேள்வியில் சுருக்கென்று ஆக என்ன இருக்கிறது தாயி? நான் சரித்திரப் பாடம் எடுத்த காலத்தில், ஆசிரியர் அறையில் கீழக்கரை பாய் ஒருவர் இதைக் கேட்காத வருஷம் கிடையாது. "அது எப்படி சார், மூணு ஒண்ணாகும்?" சிரித்துக்கொண்டே கேட்பார், ஆனால் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று தெரியும். ஈசா நபி கன்னி மரியாளிடம் பிறந்தவர், அவரே மஸீஹ், அதாவது மெசியா என்பதையெல்லாம் அவர் ஒப்புக்கொள்வார். கடவுளின் மகன் என்றால் மட்டும் அங்கேயே நின்றுவிடுவார். உன் பாட்டி அவ்வளவு தூரம்கூட வரமாட்டார். ஆனாலும் அவருக்கு நாம் சொல்ல வேண்டிய பதில் இன்னும் கடினமானது. ஏனென்றால் இயேசு பேசியது அவர்கள் ஜெபத்தை.

வாசல் நிலையில் சாய்வாக ஒரு சின்னக் குழல் அடித்திருக்கிறது, பாட்டி போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டு விரலை முத்தமிடுகிறார் என்று முன்பு ஒரு தடவை சொன்னாய். அதற்குப் பெயர் மெசூசா. உள்ளே தோல் சுருளில் கையால் எழுதிய வரிகள் இருக்கும். முதல் வரி இணைச்சட்டம் 6:4, "இஸ்ரயேலே, கேள்! நம் கடவுளாகிய ஆண்டவர் ஒருவரே" என்பது. காலையிலும் மாலையிலும் சொல்லும் ஜெபம் அது, சாகும் நேரத்திலும் அதுதான். ரபி அக்கிவா என்ற யூத குருவை உரோமையர்கள் இரும்புச் சீப்பால் சதையைக் கிழித்துக் கொன்றபோது, 'ஒருவரே' என்ற சொல்லை நீட்டிச் சொல்லிக்கொண்டே உயிரை விட்டார் என்று யூதர்களின் தல்மூது நூல் சொல்கிறது. 1096-ல் சிலுவைப்போருக்குக் கிளம்பிய கூட்டம் ரைன் நதிக்கரை ஊர்களில் புகுந்து யூதர்களை வெட்டியது. அப்போதும் அவர்கள் வாயில் இருந்தது இந்த வரிதான். வெட்டியவர்கள் உடையில் சிலுவை தைத்திருந்தது. உன் கழுத்தைப் பார்த்துக்கொண்டு பாட்டி கேட்டதில் இதெல்லாம் சேர்த்தி.

சட்ட அறிஞர் ஒருவர் வந்து முதன்மையான கட்டளை எது என்று கேட்டபோது, இயேசு புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. அதே வரியைத்தான் சொன்னார். மாற்கு 12-ஐ எடுத்துப் பார். கேட்டவரும் "சரியாகச் சொன்னீர்" என்கிறார். இரண்டு பேரும் ஒத்துப்போகிறார்கள், சண்டையே இல்லை. ஆகவே "மூன்று கடவுளா" என்றால் உன் பதில் "இல்லை பாட்டி, ஒருவரே". தயங்காமல் சொல்லலாம், பூசி மெழுகத் தேவையில்லை. அடுத்து அவர், "அப்படியென்றால் இயேசு யார்?" என்று கேட்பார் பார், கஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அன்பியத்தில் நடந்த கூத்தைச் சொல்கிறேன். ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் நம் தெருக்காரர் எழுந்தார். "சார், இது ரொம்ப சிம்பிள். தண்ணி ஒண்ணு, ஐஸ் ஒண்ணு, ஆவி ஒண்ணு. பொருள் ஒண்ணுதானே?" எல்லாரும் தலையாட்டினார்கள், ஒரு அக்கா கையே தட்டிவிட்டாள். நான்தான் கெடுத்தேன். ஒரே கட்டி ஒரே நேரத்தில் ஐஸாகவும் ஆவியாகவும் இருக்க முடியாதே, அப்படியானால் கெத்சமனியில் முழங்கால் போட்டு இயேசு யாரிடம் ஜெபித்தார் என்று கேட்டேன். மூன்றாம் நூற்றாண்டில் சபெல்லியுஸ் என்பவர் இதே மாதிரிதான் சொன்னார், ஒரே கடவுள் மூன்று விதமாகத் தோன்றுகிறார் என்று. திருச்சபை அதைத் தள்ளிவிட்டது. உங்கள் குழுவின் இரண்டாவது ஆள் சொல்வதும் அதுதான். பாட்டியிடம் சொல்ல வசதியான பதில், ஆனால் நற்செய்தியில் தந்தையும் மகனும் பேசிக்கொள்வதையெல்லாம் நாடகமாக்கிவிடும்.

மூன்றாவது தம்பி சொல்வது அலெக்சாந்திரியாவின் ஆரியுஸ் சொன்னது. மகன் இல்லாத ஒரு காலம் இருந்தது, அவர் படைப்புகளில் முதல்வர், அவ்வளவுதான் என்றார். அதற்காகத்தான் 325-ல் நிசேயாவில் ஆயர்கள் கூடினார்கள். வாரா வாரம் பூசையில் நாம் சொல்லும் விசுவாச அறிக்கை அந்தச் சண்டையில் பிறந்தது. கூடிக் கலைந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதே. ஆரியுஸை எதிர்த்து நின்ற ஆயர் அத்தனாசியாரை ஐந்து தடவை நாடு கடத்தினார்கள். 381-ல் கான்ஸ்டான்டிநோபிளில் மறுபடியும் கூட வேண்டியிருந்தது. நிசேயாவில் ஆயர்களைக் கூட்டிய கான்ஸ்டன்டைன் ராஜாதான் இயேசுவைக் கடவுளாக்கினான் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது, நம் பையன்களும் அனுப்புகிறார்கள். நிசேயாவுக்கு இருநூறு வருஷம் முந்தி, பிளினி என்ற உரோமை ஆளுநர் தன் பேரரசனுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. இந்தக் கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணிப் பாடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். அந்த வீடியோவுக்கு அது போதும்.

வசனத்தை எடுத்துக் காட்டு என்று சொன்னவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். யோவான் நற்செய்தி ஒன்றிலேயே இரண்டு பக்கத்துக்கும் வசனம் கிடைக்கும். தோமா "என் ஆண்டவரே, என் கடவுளே" என்கிறார், அது 20:28. "தந்தை என்னைவிடப் பெரியவர்" என்று இயேசுவே சொல்கிறார், அது 14:28. தந்தையை "உண்மையான ஒரே கடவுள்" என்று அழைத்து ஜெபிக்கிறார், அது 17:3. ஒன்றை எடுத்து எறிந்தால் மற்றது திரும்பி வரும். இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு யோசிக்கத்தான் அந்த ஆயர்கள் அவ்வளவு காலம் பாடுபட்டார்கள். அப்புறம், 1 யோவான் 5:7-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு போகாதே. விண்ணகத்தில் சாட்சி சொல்வோர் மூவர் என்று பழைய வேதாகமத்தில் இருக்கும் வரி பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் இல்லை. எராஸ்மஸ் என்ற அறிஞர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை 1516-ல் அச்சிட்டபோது அதைச் சேர்க்கவில்லை, பலரும் சத்தம் போட்ட பிறகு 1522-ல்தான் சேர்த்தார். விவரம் தெரிந்தவர் முன்னால் அதை நீட்டினால் நமக்குத்தான் தலைகுனிவு.

சரி, அப்பா எதை நம்பி நிற்கிறார் என்று நீ கேட்பாய். கி.பி. 40 வாக்கில் கலிகுலா என்ற பேரரசன், எருசலேம் ஆலயத்தில் தன் சிலையை வைக்க உத்தரவு போட்டான். யூதர்கள் ஆயுதம் எடுக்கவில்லை. வயலில் விதைப்பைக்கூட விட்டுவிட்டுக் கூட்டம் கூட்டமாக ஆளுநர் முன்னால் போய் விழுந்து, கழுத்தைக் காட்டி, முதலில் எங்களை வெட்டு என்றார்கள். மனுஷனைக் கும்பிட மாட்டோம், அவ்வளவுதான். அதே தலைமுறையில், அதே யூதர்களில் சிலர், சிலுவையில் அறையப்பட்ட ஒரு தச்சரின் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறார்கள். வேறு சாமி தேடிப் போனவர்கள் அல்ல அவர்கள், காலையும் மாலையும் "ஒருவரே" என்று சொன்னவர்கள். இயேசு இறந்து இருபது இருபத்தைந்து வருஷத்துக்குள் பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார், "நமக்குக் கடவுள் ஒருவரே, அவர் தந்தை, ஆண்டவரும் ஒருவரே, அவர் இயேசு கிறிஸ்து" என்று. 1 கொரிந்தியர் 8:6-ஐ அந்த மெசூசா வரியின் பக்கத்தில் வைத்துப் பார். அந்த ஜெபத்தில் உள்ள கடவுள், ஆண்டவர், ஒருவர் எல்லாம் இதிலும் இருக்கின்றன. ஜெபத்தை அவர் விடவில்லை, அதற்குள்ளேயே இயேசுவுக்கு இடம் கொடுக்கிறார். சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் ஒரு பரிசேயர் இப்படி எழுத வேண்டுமென்றால், அவர் கண்ணுக்கு முன்னால் ஏதோ நடந்திருக்க வேண்டும். என் விசுவாசம் நிற்பது அங்கே.

ஆனால் அதே இடத்தில் நின்று அதை ஒப்புக்கொள்ளாதவர்களும் யூதர்கள்தான், அவர்களும் சும்மா மறுக்கவில்லை. தானியேல் 7-ஐ வாசித்திருக்கிறாய் அல்லவா, அரியணைகள் வைக்கப்பட்டன என்று வருமே? ஒருவருக்கு எதற்கு ஒன்றுக்கு மேல் அரியணை? ரபிமார்களுக்குள்ளேயே இதைப் பற்றி வழக்கு. "ஒன்று கடவுளுக்கு, ஒன்று தாவீதுக்கு" என்றார் ஒருவர். யார் தெரியுமா? ஒருவரே என்று சொல்லி உயிரை விட்ட அதே அக்கிவா! உடனே யோசே என்ற ரபி, "இறைப் பிரசன்னத்தை எதுவரைக்கும் இப்படிக் கீழே இறக்குவாய்?" என்று கண்டித்தார். இன்னொரு கதை அதைவிடப் பயங்கரம். எலீஷா பென் அபூயா என்ற ரபி விண்ணகத்தில் மெத்தத்ரோன் என்ற வானதூதர் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, "ஒருவேளை இரண்டு வல்லமைகளோ?" என்று நினைத்துவிட்டார். அவரைக் கண்டும் எழுந்து நிற்காததற்கு வானதூதருக்கு அறுபது நெருப்பு அடி விழுந்ததாம். அந்தக் கேள்வி அவர்கள் வாசலுக்கு வராமல் இல்லை, வந்தது. ஆபத்து என்று தெரிந்து கதவைச் சாத்தினார்கள். ஆகையால் "அவர்கள் கண் குருடு" என்று உங்கள் குழுவில் யாராவது சொன்னால் அதற்குத் தலையாட்டாதே. பாட்டி மறுப்பது பிடிவாதத்தால் அல்ல, தன் ஜெபத்துக்கு உண்மையாக இருப்பதால்.

"எல்லாம் ஒன்றுதான் பாட்டி" என்றும் மழுப்பாதே. அது ஒன்றல்ல. 1263-ல் பார்சலோனாவில் அரசன் முன்னிலையில், மதம் மாறிய ஒரு துறவியோடு வாதாடும்படி நக்மானிடிஸ் என்ற ரபியைக் கட்டாயப்படுத்தினார்கள். மெசியா வந்துவிட்டாரா இல்லையா என்பதல்ல நமக்குள் உள்ள பெரிய வழக்கு என்று அவர் நேரடியாகச் சொன்னார். வானத்தையும் பூமியையும் படைத்தவர் ஒரு யூதப் பெண்ணின் வயிற்றில் இருந்து குழந்தையாகப் பிறந்தார் என்பதை எங்கள் அறிவு ஏற்காது என்றார். நாம் டிசம்பர் மாதம் குடிலில் வைத்துத் தாலாட்டுப் பாடுவது அதைத்தான்! வித்தியாசத்தை நம்மில் பலரைவிட அவர் தெளிவாகப் பிடித்திருக்கிறார். நன்றாக வாதாடியதற்குப் பலனாகக் கடைசியில் சொந்த ஊரை விட்டு எருசலேமுக்குப் போக வேண்டியதாயிற்று.

அந்தக் காலத்து வாதமெல்லாம் இப்படித்தான், ஒரு பக்கம் புத்தகம், மறு பக்கம் வாள். பாட்டியின் வீட்டில் நீ சம்பளத்துக்கு இருப்பவள், மருந்து கொடுப்பதும் குளிப்பாட்டுவதும் நீ. உன் கையை நம்பிப் படுத்திருப்பவரிடம் வசனம் எறிவது என் புத்திக்குச் சரியாகப் படவில்லை. ஜெபக்குழுவில் கோபித்துக்கொண்டால், அப்பா வேண்டாம் என்றார் என்று சொல்லிவிடு. நம் ஓரியூர் அருளானந்தர் 1693-ல் விசுவாசத்துக்காகக் கழுத்தைக் கொடுத்தவர். அந்த மண்ணில் முழங்கால் போட்டவன்தான் நானும், விசுவாசத்தை மறைக்கச் சொல்லவில்லை. அவர் கேட்டால் கேட்ட அளவுக்குச் சொல்லு, சிலுவையைக் கழற்றாதே.

வேறு பேச்சும் பேசலாமே. பெரியபட்டினத்தில் எபிரேய எழுத்து வெட்டிய பழைய கல்லறைக்கல் கிடைத்திருக்கிறது. அவர்கள் ஆட்களும் நம் கடற்கரையில் கடல் வியாபாரம் செய்து, இங்கேயே கண்ணை மூடியிருக்கிறார்கள். அதைப் பாட்டியிடம் சொல்லு. அப்புறம், நீ போகும் கர்மேல் மலைதான் இறைவாக்கினர் எலியா பாகால் என்ற தெய்வத்தின் ஆட்களோடு மோதி, "ஆண்டவரே கடவுள்" என்று மக்களைச் சொல்ல வைத்த மலை. எலியா அவருக்கும் வேண்டியவர், நமக்கும் வேண்டியவர்.

நேரம் பார்த்து ஒன்றை மட்டும் கேட்டு எழுது. தானியேலில் மேகங்களோடு வரும் மானிட மகனைப் போன்றவர் யார் என்று அவருக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தார்கள்? இஸ்ரயேல் மக்களையா, மெசியாவையா? புத்தகத்தில் இரண்டும் இருக்கிறது. வீட்டில் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். அடுத்த அன்பியத்துக்கு முன்னால் தெரிந்தால் இன்னும் நல்லது, ஐஸ் கம்பெனிக்காரர் புது உதாரணம் ஒன்றோடு வருவதாகக் கேள்வி.

அம்மா நெத்திலிக் கருவாடும் இறால் பொடியும் கட்டி வைத்திருக்கிறாள். லீவுக்கு வந்து திரும்பும் பிள்ளை ஒருத்தி எடுத்து வருவாள். இறாலுக்குச் செதிளும் இல்லை, துடுப்பும் இல்லை, அவர்கள் சட்டப்படி ஆகாது. அதைப் பாட்டி வீட்டுச் சமையலறைக்குள் கொண்டுபோகாதே, தோழி அறையில் வைத்துச் சாப்பிடு. நெத்திலிக்கும் முதலில் பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா