மேடையில் நின்ற பையனின் சட்டைக் கை

எங்கள் ஊரில் இளைஞர் தன்முனைப்பு முகாமை நடத்திய ஏற்பாட்டுக் குழுவின் தலைவர், செயலாளர், பொறுப்பாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

மலேசியாவின் இந்தச் சுங்கை சிப்புட்டில் 34 ஆண்டுகளாகத் தையல் இயந்திரம் மிதித்துப் பிழைப்பவள் நான். உங்களில் பாதிப் பேர் வீட்டுக் கல்யாணத்துக்கு என் கையால் ரவிக்கை போயிருக்கிறது. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். நேரில் வந்தும் சொல்லியிருக்கலாம். ஆனால் நடந்தது நூறு பேர் முன்னால் நடந்தது. அதைப் பற்றிய பேச்சும் எல்லார் காதிலும் விழட்டும் என்று நினைத்தேன்.

போன மாத முகாமில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, உடையும் தன்னம்பிக்கையும் பற்றி ஒரு பேச்சு வைத்தீர்கள். தலைப்பைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆடல் பிள்ளைகளுக்குக் கொக்கி வைத்துத் தர ஊசி நூலோடு வந்தவள், வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பேச்சின் நடுவே பேச்சாளர் ஒரு பையனை மேடைக்குக் கூப்பிட்டார். பதினேழு வயது இருக்கும். அண்ணனுடைய முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். தோள் தையல் தோளில் நிற்காமல் நாலு விரற்கடை கீழே இறங்கிக் கிடந்தது. காலில் ஜப்பான் சிலிப்பர், வெறும் ரப்பர் செருப்பு.

“இப்படி வந்து நின்னா எந்தப் பொண்ணு திரும்பிப் பார்ப்பா? எந்த முதலாளி வேலை கொடுப்பாரு?” என்று கேட்டார் பேச்சாளர். மண்டபம் சிரித்தது. பையனும் சேர்ந்து சிரித்தான். நான் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்களை ஒவ்வொன்றாகச் சட்டைக் கைக்குள் இழுத்து, அதன் ஓரத்தை உள்ளங்கையில் பொத்திப் பிடித்துக்கொண்டான். கீழே இறங்கி உட்கார்ந்த பிறகும் அந்தப் பிடியை விடவில்லை. மாலைத் தேநீர் நேரத்தில் தேடினேன், பையன் போய்விட்டிருந்தான்.

உடையில் என்ன இருக்கிறது, மனசு நல்லா இருந்தால் போதும் என்று சொல்ல நான் வரவில்லை. ஆள் பாதி ஆடை பாதி என்பது உண்மை. அந்தப் பாதியை என் அம்மாவிடம் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் எல்பில் ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். அம்மா பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். குளிர்ந்த நேரத்தில்தான் மரத்தில் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். அதனால் விடிவதற்கு முன்பே, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் கைலி, தலையில் இறுக்கிய துண்டு, இடுப்பில் புகையும் கொசுவத்தி. பால் சொட்டிய இடமெல்லாம் காய்ந்து கறுத்து, துணிமேல் இன்னொரு தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். எந்தச் சவர்க்காரத்துக்கும் அது போகாது. ஒட்டுப்பால் வாடை தலைமுடிக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

சம்பள நாள் சாயங்காலம் அதே அம்மா குளித்து, கஞ்சி போட்டு மடித்து வைத்த வாயில் சேலையைக் கட்டி, பொட்டு வைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு டவுனுக்குக் கிளம்புவார். காலையில் பெரட்டில் பெயரை முழுதாகச் சொல்லிக் கூப்பிடாத கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, சாயங்காலம் எதிரே வந்தால் “என்னம்மா, டவுனுக்கா?” என்று கேட்பார். சேலையைப் பார்த்துத்தான் மரியாதை வந்தது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வளர்ந்து, துணி வெட்டக் கற்றுக்கொண்ட பிறகுதான் விளங்கியது. கிராணி வாயைத் திறப்பதற்கு வெகுநேரம் முன்பே, வீட்டு வாசற்படி இறங்கும்போதே, அம்மாவின் கழுத்து நிமிர்ந்திருக்கும். அடி எடுத்து வைப்பதே வேறாக இருக்கும். கிராணிக்குத் தெரிந்தது அதுதான்.

நம் தோட்ட மக்களுக்கு இந்த நிமிர்வு சுலபமாகக் கிடைத்ததில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பால்வெட்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் அதை முன்னின்று நடத்தினார், பிறகு நாடு கடத்தப்பட்டார். கூலி உயர்வு கேட்ட அதே பட்டியலில், வெள்ளைக்காரத் துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். அரை வயிற்றுச் சாப்பாட்டுக்குப் போராடியவர்கள், சைக்கிள் மேல் உட்கார்ந்தபடியே போகும் உரிமையையும் சேர்த்துக் கேட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

இரண்டே வருடம் கழித்து, 1943-இல், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென்று ஜான்சி ராணிப் படை அமைந்தது. கேப்டன் லட்சுமி தலைமையில் சேர்ந்த பெண்களில் நிறையப் பேர் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழ்ப் பிள்ளைகள். கோலாலம்பூரிலிருந்து போன ஜானகி தேவர் அந்தப் படையின் துணைத் தளபதியாக உயர்ந்தார். கூந்தலை வெட்டிக்கொண்டு, காக்கிக் காற்சட்டை மாட்டி, துப்பாக்கி பிடித்து நின்றார்கள். அவர்களில் நிறையப் பேர் அதுவரை காற்சட்டையே போட்டிராத பெண்கள். என் வாடிக்கையாளர் ஒருவருடைய வீட்டுச் சுவரில் அப்படி ஒரு படம் தொங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் உடுப்பைவிட, அதைப் போட்டவர்கள் கால் ஊன்றி நிற்கும் விதத்தில்தான் என் கண் நிற்கும்.

அந்தப் பேச்சாளர் இதையெல்லாம் சொல்லியிருக்கலாமே ஐயா. நம் பிள்ளைகளுக்குச் சொந்தமான கதை இது.

இனி என் தொழிலில் நான் கண்டதைச் சொல்கிறேன்.

லயத்து வீட்டில் கண்ணாடி என்றால் கை அகலம். ஆணியில் தொங்கும். பொட்டு நேராக இருக்கிறதா, மீசை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கலாம், அவ்வளவுதான். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று, நாமெல்லாம் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு வந்த பிறகும் பல வீடுகளில் அந்தக் கண்ணாடிதான் கூட வந்தது. தன் உடம்பைத் தலை முதல் கால் வரை ஒரே பார்வையில் பார்த்தே இராத பிள்ளைகள் இன்றும் என் கடைக்கு வருகிறார்கள். கைப்பேசியில் ஆயிரம் படம் எடுத்திருப்பார்கள், எல்லாம் கழுத்துக்கு மேலே.

ஏழெட்டு வருடத்துக்கு முன் அப்படி ஒரு பெண் வந்தாள். எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தாள். நல்ல கறுப்பு. சாம்பல் நிறத்தில் சுடிதார்த் துணி கொண்டுவந்திருந்தாள். “எல்லாப் பக்கமும் ரெண்டு அங்குலம் லூசா வச்சுடுங்க ஆன்ட்டி” என்றாள். வேறு நிறம் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். “எனக்கு எதுவும் எடுக்காது ஆன்ட்டி, வீட்டுல சொல்வாங்க” என்றாள். அளவு எடுத்தேன். முதுகு அளவு முன்பக்கத்தைவிட அதிகமாக வந்தது. தோளைக் குறுக்கி, முதுகை வளைத்து நின்று பழகிய உடம்பு அப்படித்தான் இருக்கும்.

நான் அவள் சொன்னபடி லூசாக வைக்கவில்லை. தோள் எலும்பின் முனையில் தையல் வருகிற மாதிரி வெட்டினேன். ஒட்டுப்போட்டுப் பார்க்க வந்த அன்று முழு நீளக் கண்ணாடி முன்னால் நிறுத்தினேன். பின்பக்க ஓரம் ஒரு அங்குலம் தூக்கிக்கொண்டு நின்றது. கூன் போட்டு நின்றால் துணியை முதுகு இழுத்துக்கொள்ளும், பின்னால் ஓரம் மேலே ஏறும். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். கோணலாக இருக்கிறதே என்று மெல்ல நிமிர்ந்தாள். ஓரம் தானாக இறங்கி மட்டமாக நின்றது. மறுபடி குனிந்து பார்த்தாள், ஏறியது. நிமிர்ந்தாள், இறங்கியது. நான்கைந்து முறை அப்படிச் செய்தாள். பிறகு, “என் கழுத்து இவ்ளோ நீளமா ஆன்ட்டி?” என்று கேட்டாள்.

மிச்சத் துணிக் கூடையிலிருந்து கடுகு மஞ்சள் நிறத் துண்டு ஒன்றை எடுத்து அவள் தோளில் போட்டேன். கறுத்த தோலில் அந்த மஞ்சள் விளக்கு வைத்த மாதிரி எரியும். அரக்குச் சிவப்பும் மயில்கழுத்து நிறமும் அப்படித்தான். இது தெரிந்துதான் நம் பாட்டிமார் அந்த நிறங்களைத் தேர்ந்தெடுத்துக் கட்டினார்கள். கறுப்புக்கு எதுவும் எடுக்காது என்பது நடுவில் யாரோ நமக்குச் சொல்லிக்கொடுத்த பொய். அடுத்த மாதமே அவள் கடுகு மஞ்சளில் துணி எடுத்துவந்தாள்.

அவளை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்ட தம்பி ஒருநாள் காற்சட்டைக்குக் கால் மடிக்க வந்தார். முதலில் அவளிடம் என்ன பிடித்தது என்று கேட்டேன். “நேரா கண்ணைப் பார்த்துப் பேசுனாங்க ஆன்ட்டி” என்றார். அன்று என்ன நிறம் உடுத்தியிருந்தாள் என்று கேட்டால், ஞாபகமில்லை என்கிறார்.

கவர்ச்சி என்று மேடையில் பேசப்பட்டதைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவே. பெண் பார்க்கும் வீடு, நிச்சயதார்த்தம், விருந்து என்று எத்தனையோ இடத்தில் நான் ஓரமாக நின்று கவனித்திருக்கிறேன். உடம்புக்குப் பொருந்தாத உடுப்பைப் போட்டவர் முழு நேரமும் அதை இழுத்து விட்டுக்கொண்டே இருப்பார். கழுத்துப் பட்டி இறுக்குகிறது, முந்தானை சரிகிறது, பொத்தான் தெறித்துவிடுமோ என்று பயம். எதிரே உட்கார்ந்திருப்பவர் சொல்வது அவர் காதில் ஏறாது. பொருந்திய உடுப்பு போட்டவருக்கு அந்தக் கவலை விட்டுப்போகிறது. எதிரில் இருப்பவரைப் பார்க்கிறார், கேட்கிறார், சிரிக்கிறார். அப்படிப்பட்டவர் பக்கம்தான் மனிதர் மனம் சாயும்.

உளவியல் படிக்கும் என் மகள் ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள். 2012-இல் ஹாஜோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி என்ற இருவர் அமெரிக்காவில் செய்து வெளியிட்டது. ஒரே வெள்ளைக் கோட்டைச் சிலரிடம் மருத்துவர் கோட்டு என்றும், சிலரிடம் ஓவியர் கோட்டு என்றும் சொல்லிப் போடவைத்தார்கள். மருத்துவர் கோட்டு என்று நம்பியவர்கள் கவனச் சோதனையில் நன்றாகச் செய்தார்களாம். 2019-இல் அந்த ஆராய்ச்சியின் ஒரு பகுதியை வேறு சிலர் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு தெரியவில்லை என்றும் அவளே சொன்னாள். அதனால் ஆராய்ச்சியைக் காட்டி நான் வாதாடப் போவதில்லை. அந்தக் கோட்டுக்கு என்ன பெயர் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதுதான் என் மனதில் நின்றது. நீங்கள் அந்தப் பையனின் சட்டைக்கு மேடையில் ஒரு பெயர் வைத்துவிட்டீர்கள். இனி அந்தச் சட்டையை அவன் எந்த மனதோடு போடுவான்?

அந்தப் பேச்சில் இன்னும் இரண்டு விஷயம் என்னை வருத்தியது. பையன்களிடம் பிராண்டுச் சட்டை, காலணி என்று அடுக்கினார்கள். என் தெருவிலேயே ஒரு பையன் முதல் வேலைக்குப் போன மூன்றாம் மாதம் தவணையில் காலணி வாங்கி, கட்ட முடியாமல் அம்மாவின் சங்கிலியை அடகுக்கடைக்கு அனுப்பினான். பெண்பிள்ளைகளிடமோ, யார் கண்ணும் படாமல் உடுத்துங்கள் என்றார்கள். அவனுக்குப் பார்க்கப்பட வேண்டும் என்ற ஏக்கம், அவளுக்குப் பார்க்கப்படுவோமோ என்ற பயம். இரண்டையும் ஒரே மத்தியானத்தில் விதைத்துவிட்டு அனுப்பினோம்.

அந்தச் சட்டையைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் தெரியுமா ஐயா? இரண்டு கையையும் பிரித்து, தோளைக் குறைத்து வெட்டி, திரும்ப ஏற்றி, பக்கவாட்டில் பிடித்து, கையின் நீளத்தை மணிக்கட்டு எலும்பில் நிறுத்தினால் முடிந்தது. எனக்கு ஒன்றரை மணி நேர வேலை. செலவு நூல்தான். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றார்கள். கசக்கியதோடு கொஞ்சம் அளவும் பார்த்துக் கட்டினால் அண்ணன் சட்டையிலும் தம்பி ராஜாவாக நிற்பான்.

எனவே உங்களிடம் கேட்கிறேன். முதலில் அந்தப் பையன் வீட்டுக்குப் போங்கள். மேடை வேண்டாம், மாலை வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். குழுவில் இருவர் போய், தம்பி, நாங்கள் செய்தது தப்பு என்று அவன் அம்மா முன்னால் சொல்லிவிட்டு வாருங்கள்.

அடுத்த முகாமில் அந்த ஒரு மணி நேரத்தை எங்களுக்குக் கொடுங்கள். ஒரு நீள மேசை, இஸ்திரிப் பெட்டி, இரண்டு தையல் இயந்திரம் போதும். என்னோடு இன்னும் இரண்டு தையல்காரப் பெண்கள் வரச் சம்மதித்திருக்கிறார்கள். பிள்ளைகள் வீட்டில் இருக்கும் சட்டையையே கொண்டுவரட்டும். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர், அக்காள் கல்யாணத்துக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் காசு வாங்காமல் அளவு பிடித்துத் தருகிறோம். பொத்தான் தைக்கவும், சட்டையைத் திருப்பிப் போட்டு நிழலில் காயவைக்கவும் அங்கேயே கற்றுக்கொள்ளட்டும், பையன்களும் சேர்ந்து.

மண்டபத்தில் ஆறடிக் கண்ணாடி ஒன்றும் வேண்டும். அதை நானே வாங்கிவிட்டேன். கடையில் சுவரோரமாகச் சாய்த்து, பழைய போர்வை போர்த்தி வைத்திருக்கிறேன். மண்டபத்தின் எந்தச் சுவரில் மாட்டலாம் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் தையல்கார அம்மா
சுங்கை சிப்புட்