பச்சைப் படத்துக்குப் பணம் கேட்காதீர்கள்: கடலில் கார்பன் விற்போருக்கு ஒரு திறந்த மடல்

கடலில் பாசியை வளர்த்துக் கார்பனைப் புதைத்துத் தருவதாகச் சொல்லும் நிறுவனத்தாருக்கும், அவர்களிடம் கார்பன் கிரெடிட் (கரியமில வாயுவைக் குறைத்ததற்கான, விற்கத்தக்க சான்று) வாங்க யோசித்துக்கொண்டிருக்கும் ஆலை நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

2012-ல் கனடாவின் ஹைடா குவாய் தீவுகளுக்கு மேற்கே, பசிபிக் கடலில் ஒரு தனியார் முயற்சி சுமார் 100 டன் இரும்புச் சேர்மத்தைக் கொட்டியது. இரும்பு பாசிக்கு உரம்; பாசி பெருகினால் சால்மன் மீன் பெருகும், கார்பன் கிரெடிட்டும் விற்கலாம் என்பது திட்டம். 10,000 சதுர கிலோமீட்டர் வரை பாசி படர்ந்ததாகச் செயற்கைக்கோள் படங்களைக் காட்டினார்கள். படம் உண்மைதான். ஆனால் அந்தப் பாசியில் எத்தனை டன் கார்பன் ஆழ்கடலுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்ல அதனால் முடியாது. கடலின் நிறத்தைக் காட்டிக் கார்பனுக்கு விலை கேட்கும் பழக்கத்தை நீங்கள் விட்டுவிட வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மிதவைப் பாசிகளின், அதாவது நீரில் மிதக்கும் இந்த நுண்பாசிகளின், பெருமையைக் குறைப்பது என் நோக்கம் அல்ல. உலகில் ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்ப்பொருளின் மொத்த எடையில் அவற்றின் பங்கு ஒரு சதவீதத்தைத் தொடாது. ஆனால் பூமியில் ஆண்டுதோறும் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி அவற்றுடையது; ஆண்டுக்கு 4,500 முதல் 5,000 கோடி டன் கார்பன் அவற்றின் வழியாகப் போகிறது. இந்த எண்ணைச் சொல்லும்போது உங்கள் தரப்பின் குரல் ஓங்கி ஒலிக்கும். அடுத்த எண் வரும்போது குரல் இறங்கிவிடும். அந்தக் கார்பனில் பெரும்பகுதி மேல்நீரிலேயே சில நாட்களில் தின்னப்பட்டு, சிதைந்து, மறுபடி கரியமில வாயுவாகிவிடுகிறது. பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் வெளிச்சம் படும் அடுக்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. ஆயிரம் மீட்டருக்குக் கீழே சேர்வது அதிலும் சொற்பம். அந்த ஆழத்துக்குப் போனது நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். இருநூறு மீட்டரில் கரைந்ததோ, அடுத்த குளிர்காலத்தில் நீர் கலங்கும்போதே மேலே வந்துவிடக்கூடும். இதில் நீங்கள் விற்பது எது?

எந்தப் பாசி என்று கேட்காமல் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. எமிலியானியா ஹக்ஸ்லேயி என்ற பாசியை எடுத்துக்கொள்வோம். ஒரு செல்லின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. அது தன் உடலுக்குள் ஒரு சிறு பையில் சுண்ணாம்புத் தகடுகளை ஒவ்வொன்றாக வார்த்து, வெளியே தள்ளி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்படி தன்னைச் சுற்றிக் கவசமாக அடுக்கிக்கொள்கிறது. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு தகடும் சைக்கிள் சக்கரம் போல நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் கம்பிகளோடு தெரியும். இங்கிலாந்தின் டோவர் வெண்பாறைகள் பெரும்பாலும் இந்தக் குடும்பத்தின் பழைய தகடுகளால் ஆனவை. அதைப் பார்த்தவர்களுக்கு, கார்பனைக் கல்லாக்கிப் புதைக்க இதைவிடத் தோதான உயிர் வேறு உண்டா என்று தோன்றும்.

கணக்கு உதைப்பது இந்த இடத்தில்தான். தகடு செய்ய இந்தச் செல் கடல்நீரில் கரைந்த கார்பனின் ஒரு வடிவமான பைகார்பனேட்டை எடுக்கிறது. இரண்டு பைகார்பனேட்டில் ஒன்று சுண்ணாம்பாகிறது. மற்றது கரியமில வாயுவாகிறது. கடல்நீர் அதில் ஒரு பகுதியைத் தனக்குள் சமன்செய்துகொள்வதால், ஒரு பங்கு சுண்ணாம்புக்கு ஏறத்தாழ 0.6 பங்கு கரியமில வாயு மிஞ்சுகிறது. ஒளிச்சேர்க்கையில் உள்ளே இழுப்பதும் கவசம் கட்டுவதில் வெளியே விடுவதும் ஒரே செல்லில் நடக்கின்றன. 1991-ல் ஐஸ்லாந்துக்குத் தெற்கே சுமார் 2,50,000 சதுர கிலோமீட்டரில் இந்தப் பாசி பூத்தபோது, அதாவது பெருகிப் படர்ந்தபோது, கப்பலில் போய் அளந்தார்கள். காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுக்கும் வேகம் அந்த நீரில் குறைந்திருந்தது. இதற்கு மறுபக்கமும் உண்டு. சுண்ணாம்பு கனமானது, இறந்த செல்களின் எச்சங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றைச் சீக்கிரம் கீழே இறக்குகிறது. ஆக, வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். இரண்டையும் அளக்காமல் கிரெடிட் எழுத முடியாது.

இனி நிறத்துக்கு வருகிறேன். பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் விழுங்கும். பச்சையை அவ்வளவாகத் தொடாது. செயற்கைக்கோள் கருவி நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்தை வைத்துப் பச்சையத்தின் அளவை மதிப்பிடுகிறது. சுண்ணாம்புத் தகடுகள் இந்தக் கணக்கைக் குலைத்துவிடும். அவை ஒளியை விழுங்குவதில்லை, நாலாபக்கமும் சிதறடிக்கின்றன. சிவப்பை நீரே விழுங்கிவிட, மீதி ஒளி பால் கலந்த நீலப்பச்சையாக மேலே திரும்புகிறது. விண்வெளியிலிருந்து பார்க்க அத்தனை அழகு. இதில் சுவாரசியமானது காலக்கணக்கு: பூப்பு முடியும் தறுவாயில்தான் செல்கள் தகடுகளை ஏராளமாக உதிர்க்கின்றன. வைரஸ் தாக்கிச் செல்கள் கூட்டங்கூட்டமாகச் சாவதும் அப்போதுதான். கடல் படத்தில் மிகப் பிரகாசமாகத் தெரியும் நாட்களில், படத்தில் ஒளிர்வது பெரும்பாலும் உதிர்ந்த கவசம்.

1997-ல் பெரிங் கடலில் இப்படிப் பூத்தபோது ஷியர்வாட்டர் என்ற கடற்பறவைகள் பெருமளவில் பட்டினியால் செத்தன. பால்போன்ற நீரில் இரை கண்ணில் படாமல் போனதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். நீரின் ஒளியியலை மாற்றுவது என்றால் இதெல்லாம் சேர்ந்துதான் வரும். பாசி ஒளியை விழுங்கினால் மேல்நீர் சூடாகும். அரபிக்கடலில் மேற்பரப்பு வெப்பநிலையைப் பாசி எப்படி மாற்றுகிறது என்று கடலியலாளர் சுபா சத்யேந்திரநாத்தும் சக ஆய்வாளர்களும் 1991-லேயே காட்டிவிட்டார்கள். உங்கள் திட்டங்களில் இதற்கு ஒரு வரியாவது இருக்கட்டும்.

இரும்பு போடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. இரும்பு இல்லாமல் தவித்த செல்லுக்கு அது கிடைத்தால், உடல் பெருப்பதோடு தன் பச்சையத்தையும் கூட்டிக்கொள்ளும். அதனால் கார்பன் கூடும் விகிதத்தைவிட நிறம் கூடும் விகிதம் அதிகமாக இருக்கும். நீங்கள் காட்டும் பச்சையில் ஒரு பங்கு வெறும் பச்சை.

ஜெர்மனியின் போலார்ஷ்டெர்ன் கப்பலில் நடந்த இரண்டு சோதனைகளை நீங்கள் அறிந்திருப்பீர்கள். இருந்தும் முதலாவதை மட்டுமே பேசுகிறீர்கள். 2004-ல் அன்டார்க்டிகாவைச் சுற்றிய தென்பெருங்கடலில் ஒரு நீர்ச்சுழலில் இரும்பைப் போட்டார்கள். அங்கே சிலிக்கா நிறைய இருந்தது. சிலிக்காவால் ஓடு கட்டும் டயட்டம் பாசிகள் பெருகின. பூத்ததில் குறைந்தது பாதி ஆயிரம் மீட்டருக்குக் கீழே இறங்கியது. 2009-ல் அதே கப்பல், அதே பெருங்கடலின் அட்லாண்டிக் பகுதி. கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் சேர்ந்து நடத்திய லோஹாஃபெக்ஸ் சோதனை. இம்முறை தேர்ந்த சுழலில் சிலிக்கா மிகக் குறைவு. டயட்டம் வளரவில்லை, ஓடில்லாத சிறு பாசிகள் வளர்ந்தன. கோப்பிபாட் என்ற சிறு விலங்குகள் அவற்றை மேய்ந்தன, கோப்பிபாடுகளைத் தின்னப் பெரியவை வந்தன. ஒரு மாதத்துக்கு மேல் பின்தொடர்ந்து அளந்தும், ஆழத்துக்கு இறங்கிய கார்பன் குறிப்பிடும்படி கூடவில்லை. அதையும் மறைக்காமல் வெளியிட்டார்கள். இரும்பு ஒன்று, கப்பல் ஒன்று, பாசி வேறு, விடையும் வேறு.

நம் பக்கத்திலும் பச்சை என்றால் செழிப்பு என்று யாரும் நினைப்பதில்லை. 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூகா என்ற மிதவை நுண்ணுயிர் படர்ந்து கடல் பச்சையானபோது மீன்கள் செத்துக் கரையொதுங்கின. பாம்பன், மண்டபம் பக்கத்து மீனவர்கள் இதைப் பூங்கோரை என்பார்கள். பூங்கோரை வந்தால் அவர்கள் வலையை எடுத்துக்கொண்டு விலகிப் போகிறார்கள்; அதைப் படமெடுத்துப் பங்குதாரர்களுக்கு அனுப்புவதில்லை.

நிறத்தை அளக்கும் கருவிகள் இப்போது நன்றாக முன்னேறியிருக்கின்றன. 2022 நவம்பரில் இஸ்ரோ ஏவிய ஓஷன்சாட்-3 பதின்மூன்று அலைவரிசைகளில் கடலைப் பார்க்கிறது. 2024 பிப்ரவரியில் நாசா ஏவிய பேஸ் செயற்கைக்கோள், புற ஊதாவிலிருந்து அகச்சிவப்பின் அருகு வரை இடைவெளியின்றிப் பார்த்து, எந்த வகைப் பாசி என்பதையும் பிரித்துக்காட்ட முயல்கிறது. இவற்றைப் பயன்படுத்துங்கள், வரவேற்கிறேன். ஆனால் எந்தச் செயற்கைக்கோளும் மேல் அடுக்கைத் தாண்டிப் பார்க்காது. கீழே இறங்கியது எவ்வளவு என்பதை, கீழே விழும் துகள்களைப் பிடிக்க நீருக்குள் தொங்கவிட்ட படிவுப் பொறிகளும் மிதவைக் கருவிகளும்தான் சொல்லும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நீங்கள் கடலில் போடுகிறீர்கள். அதனால் கேட்கிறேன். எந்த இனம் வளர்ந்தது என்று நீர்மாதிரி எடுத்துச் சொல்லுங்கள். ஆயிரம் மீட்டர் ஆழத்தில் பொறி வைத்து அளந்து பாருங்கள். பக்கத்தில் எதுவும் போடாத நீரையும் அதேபோல அளந்து ஒப்பிடுங்கள். பாசி தானாகவும் பூக்கும். பாசி எடுத்துக்கொண்ட கார்பனுக்கு ஈடாகக் காற்றிலிருந்து கரியமில வாயு உள்ளே வந்தால்தான் வானத்துக்கு லாபம். அதற்குப் பல மாதங்கள் பிடிக்கும், அதற்குள் அந்த நீர் எங்கோ போயிருக்கும். அதையும் பின்தொடருங்கள். உங்கள் பாசி தின்றுவிட்ட நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நீரோட்டத்தின் அடுத்த பகுதியில் யாருக்குக் குறைந்தது என்றும் பாருங்கள். கடலில் கழிவு கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் லண்டன் உடன்படிக்கை நாடுகள், முறையான அறிவியல் ஆய்வைத் தவிர வேறு எதற்கும் இரும்பிடுதல் கூடாது என்று 2008-லேயே தீர்மானித்துவிட்டன. அதை ஒரு தடையாகப் பேசுகிறீர்கள். எனக்கு அது குறைந்தபட்ச மரியாதையாகவே தெரிகிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு: கையெழுத்திடும் முன் இனம், ஆழம், காலம், அளந்தவர் யார் என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள். பதிலாகப் படம் வந்தால் திருப்பி அனுப்புங்கள். முன்பணம் கொடுத்தே தீர வேண்டும் என்றால் அளவீட்டுச் செலவுக்கு மட்டும் கொடுங்கள். டன்னுக்கு என்ன விலை என்பதை ஆழ்கடல் அளவுகள் வெளியான பிறகு பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கடல் நிறத்தைப் பற்றித் தமிழில் எழுதிவரும் ஒருவர்