ஹெய்ட்டி சகோதரப் பங்கு: இந்த வருஷம் துணிமணி வேண்டாம், டீச்சர் சம்பளம் வேணும்

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. நம்ம பங்கோட ஹெய்ட்டி கமிட்டியில இருக்குற தமிழ் ஆளுங்க சேந்து நம்ம தமிழ்க் குடும்பங்களுக்குன்னு தனியா இத எழுதுறோம். போன வாரம் பூசை முடிஞ்சு இங்கிலீஷ்ல அறிவிப்பு வாசிச்சப்ப பாதிப் பேரு கார எடுக்க கெளம்பிட்டீங்க, தப்பு சொல்லல, கமிட்டியில சேர்றதுக்கு முன்னாடி நாங்களும் அப்படித்தான் கெளம்புவோம்.

விஷயம் இதுதான். கரீபியன் தீவு நாடான ஹெய்ட்டியோட தெக்குப் பக்கம், லே காய் மறைமாவட்டத்துல, மலைப்பக்கம் இருக்குற ஒரு பங்கு நமக்கு சகோதரப் பங்கு, அதாவது நம்ம கோயில் கை கோத்து உதவி பண்ற அந்த ஊர்க் கோயில். அந்தப் பங்குப் பள்ளிக்கூடத்துல 11 டீச்சருங்க இருக்காங்க. ஒரு கல்வியாண்டுக்கு, அதாவது 10 மாசத்துக்கு, அவங்க சம்பளத்துக்கு மொத்தம் 15,000 டாலர் வேணும். மாசம் 1,500, அத 11 பேருக்குப் பிரிச்சா தலைக்கு எவ்ளோன்னு நீங்களே கணக்கு போட்டுப் பாருங்க, நம்ம வீட்டு மளிகை பில்லு அதுக்கு மேல வரும்.

பங்கு பேரையும் அங்க இருக்குற சாமியார் பேரையும் வேணும்னேதான் போடல. 2021 ஏப்ரல்ல தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் பக்கம் 5 குருக்களையும் 2 கன்னியாஸ்திரிகளையும் கூட இருந்தவங்களோட சேத்துக் கடத்திட்டுப் போயி பணம் கேட்டாங்க, ஞாபகம் இருக்கலாம். வெளிநாட்டுலேர்ந்து காசு வருதுன்னு பேரோட நாம எழுதுனா அது அவங்களுக்குத்தான் ஆபத்து. பேரு தெரிஞ்சுக்கணும்னா நேர்ல கேளுங்க, சொல்றோம்.

துணி வேணாம்னு ஏன் இவ்ளோ கறாரா சொல்றோம்னா, நாங்க பட்டது அப்படி. கொஞ்ச வருஷம் முன்னாடி ரொம்ப உற்சாகமா ஒரு கன்டெய்னர் அனுப்புனோம், பழைய துணி, ஷூ, இங்கிலீஷ் கதைப் புஸ்தகம், வேல செய்யுதா இல்லயான்னு யாரும் பாக்காத கம்ப்யூட்டர். அது துறைமுகத்துல மாசக்கணக்கா நின்னுச்சு, அத வெளிய எடுக்க கட்டுன காசுல ரெண்டு டீச்சருக்கு வருஷ சம்பளமே குடுத்திருக்கலாம். வந்து சேந்த புஸ்தகத்த அந்தப் புள்ளைங்களால படிக்க முடியல, அங்க வீட்டுல பேசுறது கிரியோல், பாடம் பெரும்பாலும் பிரெஞ்சு, நாம அனுப்புனது இங்கிலீஷ். சாமியார் நன்றின்னு ஒரு போட்டோ அனுப்புனாரு, பாவம், வேற என்ன பண்ணுவாரு.

அப்புறம்தான் ஒரு நாள் வீடியோ கால்ல நேராவே கேட்டோம், உங்களுக்கு எதுதாங்க வேணும்னு. உடனே சொன்னாரு, டீச்சருங்க போயிட்டே இருக்காங்க, அத நிறுத்துங்கன்னு.

அந்த ஊர்ல பள்ளிக்கூடம் எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சாத்தான் இது புரியும். ஹெய்ட்டியில அரசாங்கப் பள்ளிக்கூடம் ரொம்பக் கம்மி, பெரும்பாலான புள்ளைங்க சபைகளோ தனியாரோ நடத்துற பள்ளிக்கூடத்துலதான் படிக்கிது, பெத்தவங்க ஃபீஸ் கட்டுனாத்தான் டீச்சருக்கு சம்பளம். மழ தப்புனாலோ புயல் அடிச்சாலோ மலையில வெவசாயம் பாக்குறவங்ககிட்ட ஃபீஸ் கட்ட காசு இருக்காது, புள்ளைய வெளிய அனுப்ப சாமியாருக்கு மனசு வராது, கடைசில சம்பளம் இல்லாம நிக்கிறது டீச்சர். ஒரு மாசம் ரெண்டு மாசம் தாங்குவாங்க, அப்புறம் டொமினிக்கன் ரிபப்ளிக்குக்கோ வேற எங்கயோ போயிருவாங்க. 2023 ஜனவரியில அமெரிக்கா பரோல் திட்டம் ஒண்ணு (ஜெயில் பரோல் இல்ல, அங்க ஸ்பான்சர் பண்ண ஆள் இருந்தா கொஞ்ச காலம் உள்ள வந்து தங்க விடுறது) ஆரம்பிச்சப்ப நம்ம பள்ளிக்கூடத்துலேர்ந்தே ஆளு கெளம்புனாங்க, நல்லா படிச்சவங்களும் வெளிநாட்டுல சொந்தக்காரங்க இருக்குறவங்களும்தான் மொதல்ல போவாங்க. போனவங்களக் கொற சொல்ல நமக்கு வாய் கெடையாது, நாமளும் ஊரு விட்டு வந்தவங்கதானே.

இதுக்கு நடுவுல நெலநடுக்கம் வேற. 2010 பூகம்பம் எல்லாருக்கும் தெரியும், அது தலைநகர் பக்கம். தெக்க அடிச்சது 2021 ஆகஸ்ட் 14, மாதா விண்ணேற்புத் திருநாளுக்கு மொத நாள், சனிக்கெழம காலையில, 7.2 அளவு. 2,200 பேருக்கு மேல செத்தாங்க. லே காய் ஆயரா இருந்த கர்தினால் ஷிப்லி லாங்லுவா தங்கியிருந்த ஆயர் இல்லமே இடிஞ்சு அவருக்கும் காயம். நம்ம சகோதரப் பங்குல செவுரு விரிசல் விட்டுச்சு, ரொம்ப நாளு புள்ளைங்க தார்ப்பாய்க்கு அடியில ஒக்காந்து படிச்சாங்க. 2016 அக்டோபர்ல மேத்யூ புயலும் இந்தத் தெக்குப் பக்கத்தத்தான் போட்டுத் தாக்குச்சு. அதனால கட்டடத்துக்குக் காசு குடுங்கன்னு கேட்டா இன்னும் ஈஸியா வசூல் ஆகும், கல்வெட்டுல பேரு போடலாம், போட்டோ நல்லா இருக்கும். சம்பளத்துக்குக் கல்வெட்டு கெடையாது. ஆனா டீச்சர் இல்லாத கட்டடத்த வச்சு என்ன பண்றது?

சில பேரு வாட்ஸப்ல அரிசி மூட்டை அனுப்பலாமேன்னு கேட்டீங்க. நல்ல மனசுதான், ஆனா அந்த நாடு பட்டது அந்த அரிசியாலதான். 1995-ல அரிசிக்கு இறக்குமதி வரிய 3 சதவீதத்துக்குக் கொறச்சாங்க, அமெரிக்க அரிசி மலிவா வந்து குவிஞ்சுச்சு, ஆர்ட்டிபோனிட் பள்ளத்தாக்குல நெல்லு போட்டவங்க நொடிச்சுப் போனாங்க. இதுல தான் செஞ்சது தப்புன்னு, அப்ப அமெரிக்க அதிபரா இருந்த பில் கிளின்டனே 2010 மார்ச்சுல ஒத்துக்கிட்டாரு. அதனால மத்தியான சாப்பாட்டுக்கு வேண்டியத அங்கயே சந்தையில வாங்கிக்கிறோம்னு சாமியார் சொல்லிட்டாரு, எங்களுக்கும் அதுதான் சரின்னு படுது.

இன்னொரு கேள்வி, வாட்ஸப்ல வரல, காபி குடிக்கும்போது காதுல விழுந்தது: நம்ம ஊர்ல இல்லாத ஏழையா, எங்கயோ ஹெய்ட்டிக்கு ஏன்? நியாயமான கேள்விதான். நம்ம ஊருக்கும் குடுங்க, வேணாம்னு யாரு சொன்னா. ஆனா 2004 சுனாமியில வேளாங்கண்ணியும் குளச்சலும் மணக்குடியும் அழிஞ்சு கெடந்தப்ப நம்மள மேப்புல கூட காட்டத் தெரியாத எத்தன பங்குல உண்டியல் எடுத்தாங்க, அவங்களும் இதயே கேட்டிருந்தா? அது போக, ஹெய்ட்டி நாட்டோட பாதுகாவலி யாரு தெரியுமா, நம்ம புதன்கெழம நவநாள் சொல்ற அதே இடைவிடா சகாய மாதா. 1882-ல தலைநகர்ல அம்மை நோய் போட்டு சனங்க கொத்துக் கொத்தா செத்தப்ப அந்தப் படத்துக்கு முன்னாடி போயி அழுதாங்க, நோய் தணிஞ்சுச்சு, அன்னைலேர்ந்து அவங்களுக்கு மாதா அப்படித்தான். ஜூன் 27 திருநாள். வீடியோ கால்ல சாமியார் பின்னாடி செவுத்துல அந்தப் படத்தப் பாத்ததும் எங்க கூட இருந்த ஒரு அக்கா "ஐயோ நம்ம சகாய மாதா"ன்னு சத்தமாவே சொல்லிட்டாங்க.

பணம் எப்படிப் போய்ச் சேருதுன்னு கண்டிப்பா கேக்கணும், கேளுங்க. நாங்க யாரும் கையில எடுத்துட்டுப் போறதில்ல, போகவும் முடியாது. தலைநகர்லேர்ந்து தெக்க போற மெயின் ரோட்ட மார்ட்டிசான்ங்கிற எடத்துல 2021 ஜூன்ல ஆயுத கும்பல் கையில எடுத்துக்கிச்சு, 2024 நவம்பர்ல விமானத்து மேல துப்பாக்கிக் குண்டு பட்டப்புறம் அமெரிக்க ஃபிளைட்டெல்லாம் போர்ட்-ஓ-பிரின்ஸ் போகக்கூடாதுன்னு தடை போட்டாங்க. அதனால நம்ம பங்கு அக்கவுண்ட்லேர்ந்து அவங்க மறைமாவட்ட அக்கவுண்ட்டுக்கு பேங்க் வயர், மூணு மாசத்துக்கு ஒரு தடவ. அங்க அவங்க நாட்டுப் பணமான கூர்ட்ல மாத்தி சம்பளம் குடுத்து ஒவ்வொரு டீச்சரும் கையெழுத்துப் போட்ட தாள சாமியார் போட்டோ எடுத்து அனுப்புவாரு. வந்த தாள் எல்லாம் ஃபைல்ல இருக்கு, யாரு வேணும்னாலும் பாக்கலாம். ஒரு தடவ தாள் வர லேட்டாச்சு, அடுத்த வயர நிறுத்தி வச்சோம், வந்தப்புறம்தான் அனுப்புனோம், சங்கடமாத்தான் இருந்துச்சு, ஆனாலும் அப்படித்தான் செய்யணும். பவுலடிகளாரே எருசலேம் சபைக்குக் காணிக்க பிரிச்சப்ப ஒருத்தரும் கொற சொல்லக்கூடாதுன்னு தீத்துகூட சபைங்க தேர்ந்தெடுத்த ஆளையும் சேத்துத்தானே அனுப்புனாரு.

ஒரே தடவ பெருசா குடுக்குறத விட மாசா மாசம் 10 டாலரோ 25 டாலரோ வந்தா எங்களுக்கு ரொம்ப உதவி, சம்பளமும் மாசா மாசம்தானே போகுது. பங்கு ஆன்லைன் கிவிங்ல ஹெய்ட்டின்னு தனி ஃபண்ட் இருக்கு, ரெக்கரிங் போட்டுருங்க. வரி ரசீது வருஷக் கடைசியில பங்கு ஆபீஸ்லேர்ந்து வரும், 250 டாலரோ அதுக்கு மேலயோ ஒரே தடவயா குடுத்தீங்கன்னா அந்த ரசீத பத்திரமா வச்சுக்குங்க. கம்பெனி மேட்சிங், அதாவது நீங்க குடுக்குறதுக்கு ஈடா கம்பெனியும் போடுறது, கேட்டுப் பாருங்க, ஆனா கோயிலுக்குக் குடுத்தா மேட்ச் பண்ண மாட்டோம்னு நெறைய கம்பெனியில ரூல் இருக்கு, அத நம்பி கணக்கு போடாதீங்க. காசு முடியாதவங்க முடியலன்னு மனசு கஷ்டப்பட வேணாம், பிரெஞ்சு தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, சாமியார் லெட்டர மொழிபெயர்க்க ஆள் இல்லாம கூகுள வச்சு ஒப்பேத்திட்டு இருக்கோம்.

செக் எழுதுறவங்க பங்கு பேர்ல எழுதி, கீழ மெமோவுல ஹெய்ட்டி ஸ்கூல்னு மறக்காம போடுங்க. எதுக்குன்னு குடுத்தாங்களோ அதுக்குத்தான் செலவு பண்ணணும்னு திருச்சபைச் சட்டமே சொல்லுது, ஆனா எதுக்குன்னு நீங்க எழுதலன்னா அது நேரா பொதுக் காணிக்கையில போயிரும், அப்புறம் எங்களால திருப்பி எடுக்க முடியாது.