திருகும் முன்

பாப்பாவுக்கு,

செவ்வாய்க்கிழமை போனில் “காலையில லினாக்கோட அவுட்புட் 2.8 சதவீதம் கூட இருந்துச்சு, கெயினைத் திருகிச் சரி பண்ணிட்டேன்பா” என்றாய். அதன் பிறகு ஐந்து நாளாக உன் குரல் கேட்கவில்லை. தம்பிக்குப் பரீட்சை முடிந்தது. அம்மா, நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள். மற்றவை பிறகு.

புற்றுநோயாளிக்குக் கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரம் 2.8 சதவீதம் கூடுதலாகக் கொடுப்பது, தினசரிச் சோதனையின் 3 சதவீத வரம்புக்குள்தான். அதற்காகச் சிகிச்சையை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் வாரக்கணக்கில் மெல்ல ஏறி 2.8-க்கு வருவது வேறு, ஒரே இரவில் அங்கே தாவுவது வேறு. தாவியிருந்தால் காரணம் தெரியாமல், அவுட்புட்டைக் கூட்டிக் குறைக்கும் கெயினில் கை வைக்கக் கூடாது.

முதலில் உன் அளவியைச் சந்தேகி, பிறகு லினாக்கை. அளவியின் சேம்பருக்குள் இருப்பது வெளிக்காற்று; கதிர் பட்டு அதில் உண்டாகும் சார்ஜைத்தான் நாம் அளக்கிறோம். வெப்பநிலை 3 டிகிரி பிசகினால் 1 சதவீதம் போய்விடும். குளிர்ந்த அறையிலிருந்து எடுத்துவந்த சேம்பரை உடனே சொருகினால், உள்ளே காற்று அடர்ந்திருப்பதால் சார்ஜ் கூடுதலாக வரும். தெர்மாமீட்டரோ சிகிச்சை அறையின் வெப்பத்தைக் காட்டும். இயந்திரம் அதிகம் கொடுக்கிறது என்று நம்பி நீ குறைப்பாய், நோயாளிக்கு டோஸ் குறையும். சேம்பரையும், தண்ணீருக்குப் பதிலாக வைத்து அளக்கும் சாலிட் வாட்டர் பலகைகளையும் முந்தின இரவே அந்த அறையில் வைத்துவிடு. அழுத்தத்தை அறையில் இருக்கும் பாரோமீட்டரில் மட்டும் படி. வானிலை அறிக்கையில் வருவது கடல்மட்டத்துக்கு மாற்றிய எண். 1000 மீட்டர் உயரமுள்ள ஊரில் அதைப் போட்டால் பிழை 10 சதவீதத்தைத் தாண்டும். கதிர் கிளம்பும் இடத்திலிருந்து சேம்பருக்கு உள்ள தூரத்தையும் பார்: 100 செ.மீ.யில் 5 மி.மீ. தவறினால் 1 சதவீதம். கணக்கில் எடுக்கும் முன் சேம்பருக்கு 2 முதல் 5 கிரே அளவு கதிர்வீச்சு கொடுத்துவிடு.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் லினாக்கின் பக்கம் திரும்ப வேண்டும். தலைப்பகுதியில் இருந்து, வெளிவரும் கதிரை அளந்து நிறுத்தும் மானிட்டர் சேம்பர் மூடி முத்திரையிட்ட வகையாக இருந்து, அதில் கசிவு வந்தால், காற்றழுத்தம் இறங்கும் நாளில் அவுட்புட் ஏறும். ஒரு மாத எண்களை அழுத்தத்தோடு சேர்த்து வரைந்தால் தெரிந்துவிடும். பீமின் சமச்சீரைப் பார். பலகைகளில் 10 செ.மீ., 20 செ.மீ. ஆழங்களில் அளந்து விகிதத்தைப் பார், கதிரின் ஆற்றல் மாறினால் அதுவும் மாறும். எலக்ட்ரான்களை வளைத்துத் திருப்பும் வளைகாந்தத்தின் மின்னோட்டம் நகர்ந்து ஆற்றல் மாறியிருந்தால், கெயினைத் திருகி ஓர் ஆழத்தில் எண்ணைச் சரிக்கட்டிவிடலாம். மற்ற ஆழங்களில் தவறு அப்படியே இருக்கும், ஓர் ஆழத்தில் மட்டும் பார்க்கும் தினசரிச் சோதனையும் அதை மறைத்துவிடும். எனக்குப் பயம் அங்கேதான். அன்றைக்கு இரண்டு ஆழத்திலும் அளந்தாயா?

இயந்திரத்தைப் பயன்பாட்டுக்கு விடும் முன் நீ எழுதிய கமிஷனிங் ரிப்போர்ட்டைப் போல ஒழுங்கான ஒன்றை நான் பார்த்ததில்லை. அவ்வளவு கவனமுள்ளவள், இரண்டாவது ஆளைக் கூப்பிடுவதை மட்டும் ஏன் குறையாக நினைக்கிறாய்? 1986-இல் டெக்சாஸின் டைலர் நகரில் தெரக்-25 என்ற கதிர்வீச்சு இயந்திரம் மென்பொருள் பிழையால் இரண்டு நோயாளிகளுக்கு மிகையான கதிரைப் பாய்ச்சியபோது, பிழையைக் கண்டுபிடித்த இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகர் தனியாக உட்காரவில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அன்று அதை இயக்கிய ஆபரேட்டரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் அன்று கீபோர்டில் தட்டிய வேகத்திலேயே தட்டவைத்து அந்தப் பிழையைத் திரும்ப வரவழைத்தார். திருகும் முன் ஒருவர் அளக்க வேண்டும், திருகிய பின் இன்னொருவர் அளக்க வேண்டும். இதை நூறு முறை சொல்லிவிட்டேன், இன்னும் சொல்வேன்.

ஒன்றை மட்டும் உன்னிடம் சொன்னதில்லை. ஒரு மாதாந்திர அளவீட்டில் வெப்பநிலையைப் படிக்க மறந்து, போன மாதத்து எண்ணையே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். மறுநாள் அளந்தேன், வித்தியாசம் 1 சதவீதம்கூட இல்லை. அதனால் யாரிடமும் சொல்லவில்லை, தாளையும் திருத்தவில்லை. அது தப்பு. நீ என் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவள். நல்லதை மட்டும் பார்த்துக் கற்றாய் என்று நான் எப்படி நம்புவது?

அன்று காலை எடுத்த ரீடிங் எல்லாவற்றையும் வெப்பநிலை, அழுத்தத்தோடு எனக்கு அனுப்பு. நாளை காலை முதல் நோயாளி வரும் முன் இரண்டு ஆழத்திலும் அளந்துவிடு, யாரையாவது கூட வைத்துக்கொள். திருகியதை இன்னும் பதிவேட்டில் எழுதவில்லையென்றால் இன்றே எழுது. செவ்வாய்க்கிழமைத் தேதி போடாதே. இன்றைய தேதியைப் போட்டு, பிந்தி எழுதியது என்றே எழுது.

அப்பா